900 சொற்களை 650 ஆகக் குறைப்பது பற்றி

வணக்கம். ரோபோ அணி, அரங்கேற்றம், நூலகத் தொண்டு மூன்றையும் சேர்த்ததில் உங்கள் மகளின் கல்லூரி விண்ணப்பக் கட்டுரை 900 சொற்களாகிவிட்டது, எதை வெட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் (Common App) படிவம் 650 சொற்களுக்கு மேல் ஏற்காது. ஆனால் வரிகளை ஆங்காங்கே நறுக்குவதைவிட, செயல்பாடுகளுக்கென்று அதே படிவத்தில் 10 இடங்கள் கொண்ட தனிப்பகுதி இருப்பதால், முதல் இரண்டையும் அங்கே குறிப்பிட்டுவிட்டு, நூலகத்தில் வாசிக்கத் திணறிய சிறுவனுடன் அவர் கழித்த மாலைகளை மட்டும் கட்டுரையில் விரித்து எழுதச் சொல்லுங்கள். உண்மையில் அவருடைய மனம் தெரிவது அந்தப் பத்தியில்தான். தயவுசெய்து நீங்களே திருத்தி எழுதித் தராதீர்கள். அன்று அந்தச் சிறுவன் என்ன சொன்னான், உனக்கு என்ன தோன்றியது என்று கேட்டுவிட்டு, பதிலை அவரே எழுதும்வரை காத்திருங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிப்பதானால், அங்கே 8 கேள்விகளில் நான்கிற்கு, ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள், தனியாக விடையளிக்க வேண்டும்.