வாசகர் கேள்விகள்: இடிந்த வீட்டுக் கல்லில் புது வீடு

கேள்வி: கனடாவில் மகனின் அயல்வீட்டுக்காரர் தொண்ணூறு தாண்டிய ஜேர்மன்காரர். சிறுவயதில், இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த வீடுகளின் கல்லைச் சுத்தியலால் தட்டித் துப்புரவாக்கியவராம். பிறகு கப்பலேறிப் போய்த் தன் வீட்டைத் தானே கட்டினாராம். 1990இல் இடிந்த எங்கள் வீட்டுச் செங்கல் வளவில் குவிந்து கிடக்கிறது. அதில் கட்டலாமா? மேசன் கும்பிடு போடுகிறார்.
(வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: மேசன் பயப்படுவதில் பாதி நியாயம் உண்டு. ஜேர்மனியின் பழைய சுவர்கள் பல சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. சுண்ணாம்பு கல்லை விட மெது. தட்டினால் சாந்து உதிரும், கல் தப்பும். சீமெந்து கூடிய கலவை கல்லை விட இறுக்கம். தட்டினால் கல்தான் பிளக்கும். ஆகவே முதலில் ஓர் ஆணியால் சாந்தைக் கீறிப் பாருங்கள். வெள்ளைத் தூளாகக் கொட்டினால் வேலையைத் தொடங்கலாம். ஆணி வழுக்கினால் கூலிதான் வீண். முருகைக்கல் சுண்ணாம்பில் கட்டிய பழைய வீடென்றால் உங்களுக்கு அதிஷ்டம்.

குவியலைக் கிளறுமுன் ஒன்று: துருப்பிடித்த உலோகம் எதுவும் கண்ணில் பட்டால் கை வைக்காமல் விலகி, பொலிசுக்கு அறிவியுங்கள். ஜேர்மனியில் இன்றைக்கும் அத்திவாரம் தோண்டும் இடங்களில் பழைய குண்டுகள் வருகின்றன.

கல்லை மண் நிரப்பிய சாக்கின் மேல் வைத்து, சுத்தியலைச் சாய்த்துச் சாந்தை மட்டும் சீவி எடுக்க வேண்டும். நேராக ஓங்கி அடித்தால் கல் இரண்டாகும். ஆறு முகத்தையும் கம்பித் தூரிகையால் தேயுங்கள். பழைய சாந்தும் பூச்சும் படலமாக ஒட்டியிருந்தால் புதுச் சாந்து பிடிக்காது; பழைய கல்லில் கட்டிய சுவர் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தூசு நெஞ்சுக்கு ஆகாது, தண்ணீர் தெளித்துக்கொண்டு செய்யுங்கள்.

பிறகு தெரிவு. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென வேண்டும்; சத்தம் மந்தமென்றால் உள்ளே வெடிப்பு. சிலதைக் காயவைத்து நிறுத்து, 24 மணித்தியாலம் தண்ணீரில் போட்டுத் திரும்ப நிறுங்கள். 2 கிலோக் கல் 2.4 கிலோவைத் தாண்டினால் மழை படும் மதிலுக்குக் கூடாது. வாவிக்கரை, கடற்கரை வளவென்றால் உப்பும் பார்க்க வேண்டும்: நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு நாள் ஊறப்போட்டுக் காயவையுங்கள். திரும்ப வெள்ளை பூத்தால் அந்தக் கல்லில் பூச்சு நிற்காது.

தேறிய கல்லை 200, 200 ஆக அடுக்குங்கள். பெர்லினில் அப்படித்தான் எண்ணினார்கள்: 12 கல் கொண்ட 16 வரிசை, மேலே 8. நாலரை அங்குலச் சுவருக்குச் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 58 கல் பிடிக்கும், உங்கள் கல் சிறிதென்றால் இன்னும் கூடும். கட்டுமுன் கல்லை நனைத்து, சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்று கலந்தால் பழைய கல்லுக்குப் பொருந்தும். வீட்டின் உட்சுவர், மதில் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அத்திவாரத்துக்கும் ஈரம் ஏறும் அடிவரிசைக்கும் புதுக் கல் போடுங்கள்.

உடைந்ததை நொறுக்கி நிலத்துக்கடியில் இறுக்கலாம். ஜேர்மனியர் செங்கல் நொறுக்கில் கொங்கிறீற்றும் போட்டார்கள். அது தண்ணீரை உறிஞ்சும்; முன்கூட்டி நனைக்காவிட்டால் கலவை பலமிழக்கும். கம்பி போடும் பீமுக்கும் தட்டுக்கும் நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம்.

கேள்வி: வீடிழந்த ஜேர்மனியருக்குக் காசு எங்கிருந்து வந்தது? அமெரிக்க உதவி மட்டுமா?
(வாசகர், கல்முனை)

பதில்: போருக்குப் பின் அமெரிக்கா கொடுத்த மார்ஷல் உதவியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது உள்நாட்டில் நடந்த பங்கீடு. மேற்கு ஜேர்மனியில் 1948 ஜூன் 20இல் நாணயம் மாறியது. தலைக்கு முதலில் 40 புது மார்க், பிறகு 20. வங்கிச் சேமிப்போ பழைய 100 மார்க்குக்கு ஆறரைப் புது மார்க்காகச் சுருங்கியது. காணியும் தொழிற்சாலையும் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள், சிறுகச் சேர்த்தவர்கள் அடிபட்டார்கள். இந்தப் பிசகையும் ஓரளவு சரிக்கட்ட வந்தது 1952ஆம் ஆண்டுச் சுமைப் பங்கீட்டுச் சட்டம். 1948இல் கையிலிருந்த சொத்தின் பெறுமதியில், விலக்குப் போக, பாதியை வரியாக விதித்து, மூன்று மாதத்துக்கொரு தவணையாக 1979 வரை வாங்கினார்கள். தவணை நீண்டதால் சொத்தை விற்காமல் வருமானத்திலேயே கட்ட முடிந்தது. குண்டில் வீடிழந்தவரும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து துரத்தப்பட்ட ஜேர்மனியரும் அதில் நட்டஈடு பெற்றார்கள்.

காணி உறுதியைக் கைவிட்டு ஓடிவந்தவர்கள் எப்படி நிரூபித்தார்கள்? அதே பகுதியைச் சேர்ந்தவர்களைக் கொண்டு விசாரிக்கத் தனி அலுவலகங்கள் இருந்தன. நமக்கு வழி வேறு: உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள், அரச அனுமதிப் பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: சண்டை முடிந்த கையோடு ஜேர்மனியரைக் கனடா ஏற்றதா?
(வாசகர், காரைதீவு)

பதில்: இல்லை. எதிரிநாட்டவர் என்ற தடை 1950இல்தான் நீங்கியது. அதற்குப் பிறகு பலர் பிறேமர்ஹாவனில் கப்பலேறி, ஹாலிஃபாக்சின் 21ஆம் துறையிலோ கியூபெக்கிலோ இறங்கினார்கள். அந்தக் காலத்தில் போய் இறங்கியவரின் பதிவு தேவையென்றால் கனடாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடிக் களைக்க வேண்டாம். 1935 வரையானவையே அங்கே பார்வைக்கு உண்டு. அதற்குப் பிந்தியவற்றைக் குடிவரவுத் திணைக்களத்திடம், உரியவரின் சம்மதக் கடிதத்தோடு கேட்க வேண்டும். பெயர் அன்று எழுதப்பட்டபடி, பிறந்த திகதி, இறங்கிய துறை, ஆண்டு ஆகிய நான்கையும் எழுதிக் கொடுத்தால் தேடுவது சுலபம்.