"எதுக்குன்னு சொல்லுங்க, அப்புறம் போடறேன்"

அன்புள்ள மேடத்துக்கு,

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். அக்காவும் மாமாவும் அடுத்தடுத்து போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் மகளை நான்தான் வளர்க்கிறேன். வயது 15, பத்தாம் வகுப்பு. பிறவியிலேயே எச்.ஐ.வி. ஊட்டியில் எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்குகிறோம். "ரத்தம் ஊற மாத்திரை" என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

போன வாரம் துணி மடிக்கும்போது அவளுடைய பழைய சாக்ஸுக்குள் ஒரு கைப்பிடி மாத்திரை. கேட்டால், "எதுக்குன்னு சொல்லுங்க சித்தி, அப்புறம் போடறேன்" என்கிறாள். வீட்டுக்காரர், "சின்னப் பிள்ளை, தாங்க மாட்டாள், சொல்லாதே" என்கிறார். மாமியார் அவளுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறார். எங்களுடையது லைன் வீடு. இங்கே இருமினால் பக்கத்து வீட்டில் கேட்கும். பதினொன்றாம் வகுப்புக்கு அவளைக் கோவையில் ஹாஸ்டலில் சேர்க்கப் போகிறோம். அங்கே சொல்ல வேண்டுமா?

– ஒரு சித்தி, நீலகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாத்திரை. அடுத்த தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஊட்டிக்குப் போய், விட்டுப்போனதை மறைக்காமல் சொல்லுங்கள். வைரஸ் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை தேவையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். விட்டு விட்டுப் போட்டால் மருந்துக்கு வைரஸ் பழகிப்போய், பிறகு அந்த மருந்து கேட்காது. விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் போடவும் வைக்காதீர்கள்.

அடுத்தது அவள் கேட்ட கேள்வி. அவள் அடம் பிடிக்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. தனி டம்ளரைப் பார்த்திருக்கிறாள், மையத்தின் போர்டைப் படித்திருக்கிறாள், இவ்வளவு வருடமாக ஊறாத ரத்தமா என்று யோசித்திருக்கிறாள். பாதி தெரிந்து கேட்கிறாள். சொல்லிவிடுங்கள். பள்ளி வயதிலேயே, குழந்தைக்குப் புரிகிற அளவில், படிப்படியாகச் சொல்வதுதான் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 15 என்பது தாமதம்தான். இனியும் தள்ளினால் யாரோ பள்ளியில் சொல்லி அவள் தெரிந்துகொள்வாள்.

லைன் வீட்டில் வேண்டாம், திரும்பும் பஸ்ஸிலும் வேண்டாம். மையத்தில் ஆலோசகர் இருப்பார். அவர் அறையில், பரீட்சை நெருக்கமில்லாத ஒரு நாளில் சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். "அப்போ அம்மா தப்பானவங்களா?" என்று கட்டாயம் கேட்பாள். அதற்குத் தயாராகப் போங்கள்: அம்மாவுக்குத் தெரியாமலே வந்தது, யார் மேலும் குற்றமில்லை. கல்யாணம், குழந்தை பற்றியும் கேட்பாள். மாத்திரையைத் தவறாமல் போட்டு, பரிசோதனையில் வைரஸ் தென்படாத நிலை தொடர்ந்தால் உடலுறவு மூலம் மற்றவருக்குப் பரவாது; தொற்றில்லாத குழந்தையும் பெறலாம். இதை ஆலோசகர் வாயால் அவள் கேட்கட்டும். உங்களை வெளியே இருக்கச் சொன்னால், இருந்துவிடுங்கள். அதே மையத்துக்கு வரும் அவள் வயதுப் பிள்ளைகளோடு பழக வழி உண்டா என்றும் கேளுங்கள். நாமெல்லாம் பேசுவதைவிட, இதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலேஜ் போகும் ஒரு அக்கா பேசுவது சீக்கிரம் மனதில் ஏறும்.

டம்ளர் விஷயம் எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. டம்ளராலோ தட்டாலோ துண்டாலோ எச்.ஐ.வி. பரவாது. மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். அவர் எதிரில் உங்கள் வீட்டுக்காரர் அந்த டம்ளரில் டீ குடிக்கட்டும். பிள்ளை மேல் அக்கறை உள்ளவர் இதையாவது செய்யலாமே!

வெளியில் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை அவளும் நீங்களுமாகத்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டைத் தாண்டி அவள் நம்பும் ஒருவர், டீச்சரோ தோழியின் அம்மாவோ, போதும். ஹாஸ்டலில் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி இதைக் காரணம் காட்டிப் படிப்பில் இடம் மறுக்க முடியாது. நம்பிச் சொன்னதைச் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது, சேர்க்கைக்கு முன்பே, அங்கே மாத்திரை வாங்க ஊட்டியில் மாற்றுக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை.