க்வில்ட்டுக்குத் தைத்த அரைச் சதுர முக்கோணங்கள் ஒரே அளவில் வருவதில்லையே, அவிழ்த்துத் தைக்க வேண்டுமா?

க்வில்ட் என்கிற ஒட்டுத்துணிப் போர்வைக்காக 4 இன்ச் சதுரங்களாக வெட்டி, வெளிர் துணி ஒன்று, அடர்நிறத் துணி ஒன்று என்று ஜோடி சேர்த்து, மூலைவிட்டத்துக்கு இருபுறமும் தைத்து, அந்த மூலைவிட்டத்திலேயே வெட்டி, இரு நிற முக்கோணங்கள் சேர்ந்த சதுரங்களாக 64 துண்டுகள் செய்து வைத்திருக்கிறீர்கள். சில 3⅝ இன்ச், சில 3½, சில 3⅜. வரிசையாக இணைத்துப் பார்த்தால் முக்கோணங்களின் கூர் முனை தையலுக்குள் போய் மறைந்துவிடுகிறது. எல்லாவற்றையும் அவிழ்ப்பதா, தூக்கிப் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். தைத்து, விரித்து, இஸ்திரி போட்ட பிறகு ஒவ்வொரு துண்டையும் சுற்றிலும் சீவி ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நீங்கள் விட்டது அந்த ஒரு படிதான். சரியாக வெட்டி, சரியாகத் தைத்தால் சீவவே வேண்டாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். சீவுவது ஏதோ தப்பை மறைக்கிற வேலை என்று ஒரு வீம்பு.

அந்த வீம்பில் செய்த முதல் க்வில்ட்டில் 144 துண்டுகள். 12 வரிசை, வரிசைக்கு 12. ஒவ்வொன்றும் முடிந்த அளவில், அதாவது தையலுக்குள் போனது போகக் கண்ணுக்குத் தெரியும் அளவில், 3 இன்ச் வர வேண்டும், அப்படியானால் வரிசை 36 இன்ச். வந்தது 35¼. தையல் இரண்டு பக்கமும் ஒரு நூலிழை, அரை நூலிழை உள்ளே போயிருக்கிறது. துண்டு ஒன்றுக்கு இழப்பு வீசம் அளவுதான், 1/16 இன்ச். ஒரு துண்டில் கண்ணுக்கே தெரியாது. 12 சேர்ந்ததும் முக்கால் இன்ச் காணாமல் போய்விட்டது. நானோ கரைத் துணியை முன்கூட்டியே 36 இன்ச்சுக்கு வெட்டி வைத்திருந்தேன். நடுப்பகுதியை அந்த நீளத்துக்கு இழுத்துப் பிடித்துத் தைத்ததில் ஓரமெல்லாம் அலை அலையாக நின்றது. இன்றும் அதை மடித்துத்தான் வைத்திருக்கிறேன், விரிப்பதில்லை.

கணக்கு எங்கே இடறுகிறது என்று சொல்கிறேன். முடிந்த அளவோடு ⅞ இன்ச், அதாவது முக்காலே அரைக்கால் கூட்டிச் சதுரம் வெட்டு என்பது எல்லோரும் சொல்லும் சூத்திரம். 3 இன்ச் வேண்டுமானால் 3⅞. இந்த ⅞ எங்கிருந்து வந்தது? முக்கோணத்தின் செங்கோண மூலையில் தையலுக்குக் கால் இன்ச் விட்டால் போதும். கூர் மூலையில் அது போதாது. அங்கே துணி 45 பாகையில் நீண்டு கொண்டு போவதால் ஏறக்குறைய 0.6 இன்ச் தேவைப்படுகிறது. இரண்டையும் கூட்டினால் 0.854. அளவுகோலில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் கோடு ⅞, அதாவது 0.875. ஆக, பிழைக்கு நமக்குக் கிடைக்கும் இடம் அரை மில்லிமீட்டர். இஸ்திரிப் பெட்டி கொஞ்சம் அழுத்தினாலே அது போய்விடும். அதனால்தான் ⅞-ஐ மறந்துவிட்டு முழுதாக 1 இன்ச் கூட்டி வெட்டுங்கள் என்கிறேன். 3 இன்ச்சுக்கு 4 இன்ச் சதுரம். நீங்கள் வெட்டியதும் அதேதான். ஆக, வெட்டியதில் குற்றமில்லை.

4 இன்ச் ஜோடியைச் சரியான கால் இன்ச்சில் தைத்தால் விரித்த பிறகு 3⅝-க்கு ஒரு மயிரிழை கூடுதலாக வரும். அதைச் சீவி 3½ ஆக்க வேண்டும். பிறகு நாலு பக்கமும் கால் இன்ச் தையலில் போக, கண்ணுக்குத் தெரிவது 3 இன்ச். உங்களிடம் 3⅜ வந்திருக்கிறது என்றால், மூலைவிட்டத் தையல் கோட்டிலிருந்து கால் இன்ச்சுக்குப் பதில் கிட்டத்தட்ட அரை இன்ச் தள்ளி ஓடியிருக்கிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் காலின் ஓரத்தைக் கோட்டின் மேல் வைத்து ஓட்டியிருப்பீர்கள். எல்லா மெஷினிலும் ஊசிக்கும் காலின் ஓரத்துக்கும் உள்ள தூரம் கால் இன்ச் அல்ல.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். மொத்தம் 3½ வர வேண்டும், நடுப்பட்டை சரியாக 1 இன்ச். குறைந்தால் தையல் உள்ளே போகிறது. துணி மடங்கும் இடமே ஒன்றிரண்டு நூலிழை தின்றுவிடும் என்பதால் கால் இன்ச்சுக்கு ஒரு நூலிழை குறைவாகத் தைக்கப் பழக வேண்டும். ஊசி இறங்கும் இடத்திலிருந்து அளந்து, மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டிவிட்டால் கை தானாகப் பழகிவிடும். மூலைவிட்டத் தையலுக்கு டேப் உதவாது. அங்கே பென்சிலால் நடுக்கோட்டுக்கு இருபுறமும் கால் இன்ச்சில் இரண்டு கோடு போட்டு அந்தக் கோட்டின் மேலேயே தைத்துவிடுங்கள். சலிப்பான வேலைதான், முதல் இருபது துண்டுக்காவது செய்யுங்கள்.

அடுத்த சந்தேகத்துக்குரியவர் இஸ்திரிப் பெட்டி. ஒரு கைக்குட்டையை எடுத்து நேராகப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், அசையாது. அதையே மூலைக்கு மூலை இழுங்கள், ரப்பர் மாதிரி வரும். தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்வது இதைத்தான். நம் துண்டில் நடுத்தையல் முழுவதும் கிராஸில் ஓடுகிறது. சட்டை தேய்ப்பது போலப் பெட்டியை இழுத்துத் தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். மூடியபடியே ஒரு முறை அழுத்தித் தையலைப் படிய வையுங்கள். பிறகு அடர்நிறத் துணி மேலே இருக்கும்படி வைத்து, அதைத் திறந்து, பெட்டியை வைத்து எடுங்கள், வைத்து எடுங்கள். நீராவி வேண்டாம். வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து விறைப்பாக்கி வைத்திருந்தால் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் குறையும். சூடு ஆறும்வரை சீவாதீர்கள்.

இனிச் சீவுவது. 45 பாகைக் கோடு போட்ட சதுர ஸ்கேலும், சக்கரம் போல் உருளும் கத்தியான ரோட்டரி கட்டரும் வேண்டும். துண்டை வெட்டுவதற்கான பாயில் வைத்து, ஸ்கேலின் 45 பாகைக் கோட்டைத் தையலின் மேல் படிய வையுங்கள். துணியின் ஓரத்தைப் பார்க்காதீர்கள், ஓரம் பொய் சொல்லும். தையலை மட்டும் நம்புங்கள். ஸ்கேலின் 3½ கோடுகளுக்கு வெளியே இடப்பக்கமும் கீழேயும் துளித் துணி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வலப்பக்கமும் மேல்பக்கமும் வெட்டுங்கள். இப்போது துண்டை அரை வட்டம் திருப்பி, வெட்டிய இரண்டு ஓரங்களையும் 3½ கோட்டில் நிறுத்தி, மறுபடி 45 கோடு தையல் மேல் இருக்கிறதா என்று பார்த்து, மிச்ச இரண்டு பக்கத்தையும் வெட்டுங்கள். இடக்கைக்காரர்கள் பக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். சரியாக வந்திருந்தால் தையல் இரண்டு மூலைகளிலும் நூல் பிசகாமல் போய் முடியும். மூலையில் நீட்டிக்கொண்டிருந்த நாய்க்காது போன்ற நுனிகளும் இதிலேயே போய்விடும். 64 துண்டுக்கு 256 வெட்டு. பாட்டு ஏதாவது போட்டுவிட்டு உட்காருங்கள்.

முனை மழுங்குவதற்கு இன்னொரு காரணம் இணைக்கும்போது வருகிறது. இரண்டு துண்டுகளை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்க்கையில், ஒன்றின் தையல் மடிப்பு ஒரு பக்கமும் மற்றதன் மடிப்பு எதிர்ப்பக்கமும் சாய்ந்திருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே அந்த இடத்தில் மேடு பள்ளம் இல்லாமல் சமமாக இருப்பது தெரியும். அங்கே ஒரு குண்டூசி. அப்படி இணைத்த வரிசையின் பின்பக்கத்தில் தையல்கள் ஒன்றையொன்று வெட்டி ஒரு பெருக்கல் குறி போடும். அடுத்த வரிசையோடு சேர்க்கும்போது அந்தக் குறி கண்ணுக்குத் தெரியும்படி மேலே வைத்துக்கொண்டு, அதன் நடுவிலிருந்து ஒரு நூலிழை ஓரத்தின் பக்கம் தள்ளி ஊசியை ஓட்டினால் முனை பிழைத்துக்கொள்ளும். காற்றாடி டிசைனில் மட்டும் எட்டு முக்கோண நுனிகள் ஒரே புள்ளியில் கூடுவதால் நடுவில் ஒரு முடிச்சு மாதிரி தடித்துப்போகும். அங்கே மடிப்புகளைப் பிரித்து இரண்டு பக்கமும் படிய வைப்பதே எனக்கு ஒத்துவருகிறது.

ஒரே தடவையில் எட்டு, நாலு என்று செய்யும் குறுக்குவழிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எட்டு நல்ல வழி. 8 இன்ச் சதுரம் இரண்டை வைத்து, இரண்டு மூலைவிட்டங்களும் வரைந்து, ஒவ்வொன்றின் இருபுறமும் கால் இன்ச்சில் தைத்து, பிறகு நெடுக்கிலும் குறுக்கிலும் நடுவில் வெட்டி, கடைசியில் மூலைவிட்டங்களில் வெட்டினால் நீங்கள் இப்போது செய்த அதே அளவில் எட்டுத் துண்டு கிடைக்கும். நாலு வேண்டாம். அதில் சதுரத்தின் நாலு ஓரத்திலும் தைத்து மூலைவிட்டத்தில் வெட்டுவதால், வெளி ஓரம் நாலும் கிராஸ் ஆகிவிடுகிறது. தொட்டாலே நீளும். சீக்கிரம் முடிகிறதே என்று செய்து நான் பட்டது போதும்.

முழுக்கக் கையால் தைக்கிறவராக இருந்தால் இந்தச் சீவல் முறை உங்களுக்கு உதவாது, முடிச்சுப் போட்ட நுனி வெட்டுப்பட்டுத் தையல் பிரிந்துவிடும். அட்டையில் முக்கோணம் வெட்டி, துணியின் பின்பக்கத்தில் தையல் கோட்டையே பென்சிலால் வரைந்து, சுற்றிலும் கால் இன்ச் கண்ணளவில் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். கோட்டின் முனையில் ஆரம்பித்துக் கோட்டின் முனையிலேயே நிறுத்த வேண்டும், துணியின் ஓரம்வரை போகக் கூடாது. வேகம் குறைவு, ஆனால் முனைகள் மெஷினைவிடக் கூராக வரும்.

அப்புறம், சீவி முடித்ததும் உடனே தைக்க உட்காராதீர்கள். தரையில் பரப்பி ஒரு போட்டோ எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எவ்வளவு வேறாகத் தெரிந்தாலும், போட்டோவில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமானால் முக்கோணம் இருப்பதே தெரியாது. துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்தும் பாருங்கள். ஒரு துண்டை நாலு விதமாக வைக்கலாம். வெறும் 16 துண்டுக்கே 429 கோடிக்கு மேல் அமைப்புகள் வரும். நான் ஒரு முறை இதிலேயே மூன்று மாலைகளைத் தொலைத்திருக்கிறேன்.

சரி, உங்கள் 64-க்கு வருவோம். 3⅜ இருக்கிற துண்டை 3½ ஆக்க யாராலும் முடியாது. அவற்றை மட்டும் அவிழ்த்தாலும் கிராஸ் ஓரம் இழுபட்டு இன்னும் மோசமாகும். ஆகவே இருப்பதில் சிறியதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் 3¼ ஆகச் சீவுங்கள். முடிந்த அளவு 2¾ ஆகும். 8 வரிசை, வரிசைக்கு 8 என்று வைத்தால் 24 இன்ச் வரவேண்டிய இடத்தில் 22 வரும். குறைகிற 2 இன்ச்சுக்குச் சுற்றிலும் 1 இன்ச் தெரியும்படி ஒரு பட்டை, அதாவது 1½ இன்ச் அகலத்தில் வெட்டிய பட்டை தைத்துவிடுங்கள். பட்டையின் நீளத்தை மட்டும் இப்போதே வெட்டி வைக்காதீர்கள். நடுப்பகுதி முடிந்ததும், ஓரத்தில் அளக்காமல் நடுவில் குறுக்கே அளந்து, அந்த அளவுக்கு வெட்டுங்கள்.