செல்டிக்கின் பழைய ஆட்டக்காரர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தின் செல்டிக் கால்பந்து கிளப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இப்போதைய அணியைப் பற்றி அல்ல, அங்கே ஆடி முடித்துப் போனவர்களைப் பற்றித்தான் கேட்கின்றன. எனக்கு அதில் நிறைந்த சந்தோஷம். இதே கிளாஸ்கோவில் நான் பிசியோதெரபிஸ்ட். முழங்காலும் இடுப்பும் தேய்ந்துபோன பெரியவர்கள் தினமும் என்னிடம் வருகிறார்கள். அவர்களில் சிலர் ஒரு காலத்தில் சிறிய கிளப்புகளில் சம்பளத்துக்கு ஆடியவர்கள். ஆட்டம் முடிந்த பிறகு ஒரு ஆட்டக்காரருக்கு என்ன ஆகிறது என்பது எனக்கு வேலையோடு சேர்ந்த கேள்வி.

1967இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற பதினொரு பேரும் உள்ளூர்க்காரர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியும் ஒரு அணி இருக்க முடியுமா? – மதுரை வாசகர்

இருந்தது. பதினொரு பேரும் செல்டிக் பார்க் மைதானத்திலிருந்து சுமார் 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். அதில் தொலைவு என்றால் கடற்கரை ஊரான சால்ட்கோட்ஸிலிருந்து வந்த பாபி லெனாக்ஸ்தான்.

1967 மே 25, லிஸ்பன் நகரத் தேசிய மைதானம். எதிரே இத்தாலியின் இன்டர் மிலான். 1964, 1965 இரண்டு வருஷமும் அந்தக் கோப்பையைக் கொண்டுபோனவர்கள். ஒரு கோல் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஏழாவது நிமிடமே பெனால்டியில் மஸ்ஸோலா கோல் போட்டார். பெனால்டி கொடுக்கும்படி ஃபவுல் செய்தவர் செல்டிக்கின் வலதுபக்கத் தடுப்பாட்டக்காரர் ஜிம் கிரெய்க். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்தவர் அவர். வேறு அணியாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மேனேஜர் ஜாக் ஸ்டீன் தன் ஆட்களை முன்னேறி ஆடத்தான் பழக்கியிருந்தார். இரண்டு முறை பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 63வது நிமிடத்தில் அதே ஜிம் கிரெய்க் பந்தைத் தள்ளிக் கொடுக்க, டாமி ஜெமல் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தார், கோல். ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கையில் பாபி மர்டாக் அடித்த பந்தை ஸ்டீவி சாமர்ஸ் திருப்பிவிட, 2-1. பிரிட்டனிலிருந்து ஒரு கிளப் அந்தக் கோப்பையை வென்றது அதுதான் முதல் தடவை.

கோல்கீப்பர் ரோனி சிம்ப்சனுக்கு அப்போது 36 வயது. ஆட்டக்காரர்களில் சிலருக்குப் பொய்ப்பல். கோப்பை வாங்கும்போது மாட்டிக்கொள்ள வேண்டும் என்று எல்லாவற்றையும் சிம்ப்சனின் தொப்பிக்குள் போட்டு வலைக்குள் வைத்திருந்தார்கள். ஏழைத் தொழிலாளிக் குடும்பங்களில் வளர்ந்த பையன்களின் பல் எப்படி இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தத் தொப்பியின் கனம் தெரியும். கிளப்பே அந்த ஏழ்மைக்காகத் தொடங்கியதுதான். 1887இல், நகரத்தின் கிழக்குப் பகுதியில் பசியோடு இருந்த அயர்லாந்துக் குடியேறிகளுக்குச் சோறு போடப் பணம் திரட்டுவதற்காக, பிரதர் வால்ஃபிரிட் என்ற துறவி ஆரம்பித்தார்.

இன்றும் இந்த ஊர்ப் பெரியவர்கள் அந்தப் பதினொரு பெயரையும் வரிசை மாறாமல் சொல்வார்கள்: சிம்ப்சன், கிரெய்க், ஜெமல், மர்டாக், மெக்நீல், கிளார்க், ஜான்ஸ்டன், வாலஸ், சாமர்ஸ், ஆல்ட், லெனாக்ஸ்.

செல்டிக் வரலாற்றிலேயே சிறந்த ஆட்டக்காரர் யார்? – சேலம் வாசகி

2002இல் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு ஜிம்மி ஜான்ஸ்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். என் ஓட்டும் அவருக்கே. ஐந்தடி நாலங்குல உயரம், செம்பட்டைத் தலை, வலது ஓரத்தில் பந்தோடு வளைந்து நெளிந்து போவார். விமானம் என்றாலே அவருக்கு நடுக்கம். 1968 நவம்பரில் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணி கிளாஸ்கோவுக்கு வந்தது. பாதி ஆட்டத்தில் 1-1. நான்கு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் மறு ஆட்டத்துக்கு நீ பெல்கிரேடுக்குப் பறக்க வேண்டாம் என்று ஸ்டீன் சொல்லிவிட்டார். முடிவு 5-1. அதில் இரண்டு ஜான்ஸ்டன் போட்டது, மற்றவற்றுக்கும் அவர்தான் ஓடி ஓடி வழி செய்தார்.

2006 மார்ச்சில் மோட்டார் நியூரான் நோயில் இறந்தார். கைகால் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் அது. அந்தக் கால்களுக்கு அந்த நோய் வந்ததை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கென்னி டால்கிலீஷ் ஏன் செல்டிக்கை விட்டுப் போனார்? – திண்டுக்கல் வாசகர்

முன்வரிசை ஆட்டக்காரரான அவர் ஸ்காட்லாந்தில் வெல்ல வேண்டியதையெல்லாம் வென்றுவிட்டார், பெரிய மேடை தேடினார். 1977இல் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் 4,40,000 பவுண்டு கொடுத்தது. அப்போது பிரிட்டனில் அது சாதனைத் தொகை. 1999-2000 பருவத்தில் திரும்பி வந்து கொஞ்ச நாள் அணியைப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு 19 வயதில் சர்க்கரை நோய். கல்லூரி அணியில் கால்பந்து ஆடுகிறேன். வீட்டில் நிறுத்தச் சொல்கிறார்கள். – பெயர் வெளியிட விரும்பாத மாணவர், நாகர்கோவில்

தம்பி, டேனி மெக்ரெய்னைப் பற்றிச் சொல்கிறேன். 1972இல் ஒரு ஆட்டத்தில் தலையோடு தலை மோதி அவருக்கு மண்டையோட்டில் விரிசல். மீண்டு வந்தார். 1974 உலகக் கோப்பை ஆடி முடித்துத் திரும்பியபோது உடம்பு இளைத்துத் தாகம் எடுத்தது. பரிசோதித்தால் சர்க்கரை நோய். அப்போது அவருக்கு 24 வயது. இன்சுலின் போட்டுக்கொண்டே 1987 வரை செல்டிக்குக்கு ஆடினார். கிளப்புக்கும் கேப்டன், ஸ்காட்லாந்துக்கும் கேப்டன். 600க்கும் மேற்பட்ட ஆட்டங்கள், நாட்டுக்காக 62. உலகத்தின் தலைசிறந்த வலதுபக்கத் தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் என்று அவரைச் சொன்ன வருஷங்கள், அந்த நோய் வந்ததற்கு அப்புறம்தான்.

அதற்காக நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். உங்களுடைய டாக்டரிடம் ஆட்ட நேரம், பயிற்சி நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஊசியின் அளவையும் சாப்பாட்டையும் அதற்கேற்ப அவர் மாற்றித் தருவார். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று அணியில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். மறைத்து ஆட வேண்டாம்.

செல்டிக்குக்கு ஒரு இந்தியர் வெறுங்காலோடு ஆடினார் என்பது கதையா, நிஜமா? – புதுச்சேரி வாசகர்

நிஜம். கல்கத்தாவைச் சேர்ந்த முகமது சலீம். முகமதன் ஸ்போர்ட்டிங் அணிக்காக ஆடியவர். 1934இல் கல்கத்தா லீக்கை முதன்முதலாக வென்ற இந்திய கிளப் அது. தொடர்ந்து ஐந்து வருஷம் வென்றது.

1936இல் ஸ்காட்லாந்தில் கடை வைத்திருந்த சகோதரரோடு கப்பலேறி வந்தார். சகோதரர்தான் நேராக செல்டிக் மேனேஜர் வில்லி மேலியிடம் போய், ஒருமுறை ஆடவிட்டுப் பாருங்கள் என்று கேட்டார். பூட்ஸ் இல்லாமல் ஆடுவார் என்றதும் மேலிக்கு நம்பிக்கை வரவில்லை. ஸ்காட்லாந்து மண்ணில், பூட்ஸ் போட்ட தடியர்கள் நடுவில் வெறும்பாதமா? ஆனாலும் வாய்ப்புக் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மைக்காகவே மேலியை எனக்குப் பிடிக்கும்.

இரண்டாம் அணிக்கான லீக்கில் சலீம் இரண்டு ஆட்டம் ஆடினார். ஹாமில்டன் அணியை 5-1 என்று வென்றதில் பெனால்டி ஒன்றை அவர் கோலாக்கினார். கால்ஸ்டன் அணியோடு 7-1. மறுநாள் பத்திரிகை அவரை இந்திய வித்தைக்காரர் என்று தலைப்புப் போட்டுக் கொண்டாடியது. பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து சலீமின் பாதத்துக்குத் துணிக்கட்டுப் போடும் புகைப்படம் இருக்கிறது. மெக்மெனமியும் செல்டிக்கின் பழைய நட்சத்திரம். என் தொழிலில் பாதத்தைக் கையில் எடுத்துக் கட்டுப் போடுவது தினசரி வேலை. அந்தப் படத்தில் அவருடைய விரல்கள் எவ்வளவு கவனமாக இருக்கின்றன என்று எனக்குத் தெரிகிறது. எந்த நாட்டை எந்த நாடு ஆண்டுகொண்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். சலீமுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது, கல்கத்தாவுக்குத் திரும்பிவிட்டார். பல வருஷம் கழித்து அவர் நோயில் படுத்தபோது மகன் செல்டிக்குக்குக் கடிதம் எழுதினார். பணம் எதிர்பார்த்து அல்ல, அப்பாவை இன்னும் நினைவு வைத்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள. பதிலோடு 100 பவுண்டுக்குக் காசோலை வந்தது. குடும்பம் அதை வங்கியில் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டது. சலீம் 1980இல் காலமானார்.

ஆடுகளத்திலேயே இறந்த கோல்கீப்பர் பற்றி ஒரு வரி மட்டும் எழுதி விட்டுவிட்டீர்களே? – ஈரோடு வாசகி

ஜான் தாம்சன். ஃபைஃப் பகுதியின் கார்டன்டன் என்ற நிலக்கரி ஊர்ப் பையன், 14 வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். 1931 செப்டம்பர் 5, கிளாஸ்கோவின் இன்னொரு பெரிய கிளப்பான ரேஞ்சர்ஸோடு அவர்களுடைய ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஆட்டம். ரேஞ்சர்ஸின் சாம் இங்கிலிஷ் பந்தோடு பாய்ந்து வர, தாம்சன் அவர் காலடியில் விழுந்து தடுத்தார். முழங்கால் தலையில் மோதியது. என்ன நடந்தது என்று புரியாமல் ரேஞ்சர்ஸ் ரசிகர்களில் ஒரு பகுதி ஆர்ப்பரித்தது. அவர்களுடைய கேப்டன் மைக்கிள்ஜான் கையை உயர்த்தி அமைதியாக்கினார். அன்றிரவே மருத்துவமனையில் தாம்சன் இறந்தார். 22 வயது. இறுதி ஊர்வலத்துக்குச் சுமார் 30,000 பேர் வந்தார்கள். கிளாஸ்கோவிலிருந்து 50 மைலுக்கு மேல் நடந்தே போனவர்களும் உண்டு.

இதில் இன்னொரு முன்னாள் ஆட்டக்காரரையும் நினைக்க வேண்டும். சாம் இங்கிலிஷ் மேல் எந்தத் தவறும் இல்லை என்று விசாரணை சொன்னது. அந்தப் பருவத்தில் லீக்கில் 44 கோல் போட்டார். ரேஞ்சர்ஸ் கிளப்பில் இன்றும் அதுதான் சாதனை. ஆனாலும் எங்கே போனாலும் கூட்டம் அவரைக் கொலைகாரன் என்று கத்தியது. 1932இல் லிவர்பூலுக்குப் போனார், அங்கும் நிம்மதி இல்லை. முப்பது வயதை எட்டும்போதே ஆட்டத்தை விட்டுவிட்டார். 1967இல் இறந்தார். அவருக்கும் மோட்டார் நியூரான் நோய்தான். தாம்சனை இந்த ஊர் மறக்கவில்லை. சாமுக்கும் அதில் பாதி அன்பாவது கிடைத்திருக்கலாம்.

என் மகனுக்கு 9 வயது. கோச்சிங்கில் தினமும் பந்தைத் தலையால் முட்டப் பழக்குகிறார்கள். ஆபத்து உண்டா? – கோவை, ஒரு தாய்

அம்மா, இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே முக்கியமான பதில் இதே கிளாஸ்கோவிலிருந்துதான் வந்தது.

லிஸ்பனில் கோப்பையைத் தூக்கிய கேப்டன் பில்லி மெக்நீல் தலையால் முட்டுவதில் மன்னர். 1965 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டத்தின் வெற்றி கோல் அவர் தலையால் போட்டது. 1967 கால் இறுதியில் வொய்வொதினா அணிக்கு எதிராகக் கடைசி நிமிட கோலும் அப்படித்தான்; அது இல்லாவிட்டால் லிஸ்பனே இல்லை. 2017இல் அவருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் என்று குடும்பத்தார் வெளியே சொன்னார்கள். 2019 ஏப்ரல் 22 அன்று இறந்தார். லிஸ்பனில் வெற்றி கோல் போட்ட சாமர்ஸும் அதே நோயோடு இருந்து, சரியாக ஒரு வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். இந்த இருவருக்கும் பந்தால்தான் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணிக்கையாகப் பார்க்கும்போது படம் தெளிவாகிறது.

அதே 2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் டாக்டர் வில்லி ஸ்டூவர்ட் குழு, ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரின் மருத்துவப் பதிவுகளைச் சாதாரண மக்கள் 23,000 பேரோடு ஒப்பிட்டது. மூளை நரம்புகள் சிதையும் நோய்களால் இறப்பது ஆட்டக்காரர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு. மோட்டார் நியூரான் நோய் சுமார் நான்கு மடங்கு. மாரடைப்பு போன்ற இதய நோய் மரணங்கள் அவர்களிடம் குறைவு, அதையும் சொல்ல வேண்டும். ஆட்டம் உடம்புக்கு நல்லதுதான். 2021இல் இன்னொரு ஆய்வு வந்தது. தலையால் அதிகம் முட்டும் தடுப்பாட்டக்காரர்களுக்கு ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. முட்டவே தேவையில்லாத கோல்கீப்பர்களுக்கு மற்ற மக்களைப் போலத்தான். எனக்கு அது போதுமான பதில்.

2020இல் ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதை நிறுத்திவிட்டது. 2022 இறுதியில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே ஆட்டத்துக்கு முந்தின நாளும் மறுநாளும் அந்தப் பயிற்சி கூடாது என்றது. இத்தனை காலம் தன் பழைய ஆட்டக்காரர்களைப் பறிகொடுத்த நாடு எடுத்த முடிவு அது.

மகனை ஆட்டத்திலிருந்து நிறுத்தாதீர்கள். கோச்சிடம் இந்த விஷயத்தைச் சொல்லி, 12 வயதுவரை காலால் மட்டும் பழக்கச் சொல்லுங்கள். பந்தை நிறுத்துவது, பாஸ் கொடுப்பது, இரண்டு காலாலும் அடிப்பது, அந்த வயதுக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. தலையில் அடிபட்டால் அன்றைக்கு அதோடு ஆட்டம் முடிந்தது, எழுந்து ஓடினாலும் சரி. வாந்தி, மயக்கம், பேச்சில் குழப்பம் ஏதாவது தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கோச் மறுத்தால் எனக்கு எழுதுங்கள். ஸ்காட்லாந்தின் வழிகாட்டு விதிகளைத் தமிழில் எழுதி அனுப்புகிறேன், அவர் கையில் கொடுக்கலாம்.