ஜோசஃபின் பேக்கர் பாரிஸ் வாழ்க்கைக்கு எப்படிப் பழகினார்?
புகழ் உடனே வந்தது, பழக்கம் மெதுவாகத்தான் வந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிறந்த கறுப்பின நடனக் கலைஞர் பேக்கர் 1925-ல் பாரிஸ் மேடை ஏறியபோது வயது 19, பிரெஞ்சு தெரியாது. ஆட்டத்துக்கு மொழி வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஊர் கைதட்டியது, அடுத்த ஆண்டு வாழைப்பழப் பாவாடை கட்டி அவர் ஆடிய 'காட்டுப் பெண்' வேடத்துக்கு. அதுவும் நிறவெறிதான், சிரித்த முகத்தோடு வந்தது, அவ்வளவே. அதிலிருந்து வெளியே வரத்தான் நிஜ உழைப்பு: பிரெஞ்சு கற்றார், குரலுக்குப் பயிற்சி எடுத்தார், 1930-ல் காசினோ த பாரி அரங்கில் பிரெஞ்சிலேயே பாடிப் பெயர் வாங்கினார்.

1936-ல் நியூயார்க் மேடைக்குத் திரும்பியபோது அங்குள்ள விமர்சகர்கள் காய்ச்சி எடுத்தார்கள். மறு ஆண்டே, பிரெஞ்சுக்காரர் ஒருவரை மணந்து பிரெஞ்சுக் குடிமகளானார்.