விண்வெளி ஆசைக்கு ஏரோஸ்பேஸ்தான் வழியா?

அம்மா, உங்கள் மகளுக்கு விண்வெளியில் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியப்பாவோ "ஏரோஸ்பேஸ்தான் எடுக்கணும், கடன் வாங்கியாவது பெரிய காலேஜ்ல சேருங்க" என்கிறார். கடன் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம்.

ஏரோஸ்பேஸ் பாடத்தின் பெரும்பகுதி காற்றியக்கம், கட்டமைப்பு, உந்துவிசை. உங்கள் மகளோ பழைய ரேடியோவைப் பிரித்து, எந்த கெபாசிட்டர் போயிற்று என்று மல்டிமீட்டரோடு மணிக்கணக்கில் உட்காருகிறவள். இதை எழுதியதே நீங்கள்தான். அவளுக்கேற்ற படிப்பு எலெக்ட்ரானிக்ஸ். பிறகு வேலைக்குச் சேரவேண்டிய இடம், யாரும் பேசாத பல்கலைக்கழக விண்வெளி ஆய்வகம்.

ராக்கெட்டில் போகும் அளவுக்கருவிகள் பல இத்தகைய ஆய்வகங்களில்தான் உருவாகின்றன. 1958இல் அமெரிக்காவின் எக்ஸ்ப்ளோரர் 1 செயற்கைக்கோள் சுமந்துசென்ற காஸ்மிக் கதிர்க் கருவி அயோவா பல்கலைக்கழகத்துடையது. 2006இல் புளூட்டோவை நோக்கிக் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் உள்ள தூசி எண்ணியைச் செய்தவர்கள் கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள். அதில் 14 மெல்லிய பிளாஸ்டிக் படலங்கள். துகள் மோதினால் படலத்தில் ஒரு சிறு மின்னூட்டத் துடிப்பு எழும். இரண்டு படலங்களைத் தூசி படாமல் மூடியே வைத்தார்கள். அவற்றிலும் துடிப்பு வந்தால் அது தூசியல்ல, கலத்தின் அதிர்வோ மின் இரைச்சலோதான். இப்படி யோசிப்பதற்குத்தான் அங்கே சம்பளம்.

விஞ்ஞானி "இவ்வளவு சின்ன மின்னூட்டத்தை அளக்கணும்" என்பார். அந்தச் சின்ன சிக்னலை முதலில் பெருக்கும் முன்பெருக்கி, பவர் போர்டு, எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்), கேபிள், சோதனைப் பெட்டி எல்லாம் இன்ஜினியர் பொறுப்பு. மேசையில் ஒழுங்காக ஓடியது மேலே போய்க் கெடுவதற்குக் காரணங்கள் உண்டு. காற்று இல்லாததால், போர்டின் செப்புத் தளம் வழியாக உலோகச் சட்டகத்துக்கு வெப்பத்தைக் கடத்தாவிட்டால், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் வெந்துவிடும். சுத்த வெள்ளீயம் பூசிய பாகங்களின் கால்களில் மயிரிழை போல் உலோகம் வளர்ந்து ஷார்ட் ஆகும். அதனால் பூச்சில் குறைந்தது 3 சதவீதம் ஈயம் கேட்பார்கள். கனமான அயனி ஒன்று சிப்பைத் துளைத்தால் லாட்ச்-அப்: மின்னோட்டம் திடீரென்று எகிறும், உடனே பவரை வெட்டாவிட்டால் சிப் போச்சு. உணரிக்கான உயர் மின்னழுத்தம் தரையிலும் முழு வெற்றிடத்திலும் தொல்லை தராது. காற்று பெரும்பாலும் வெளியேறி, மிகக் கொஞ்சம் மிச்சமிருக்கும் நிலையில் ஸ்விட்சைப் போட்டால்தான் பொறி பறக்கும்.

பாதி வேலை காகிதம். எந்தப் பாகம் எந்தத் தொகுப்பில் வந்தது, கனெக்டரை எத்தனை முறை செருகிக் கழற்றினோம் என்பதுவரை எழுதி வைக்கவேண்டும். அதில் சலிப்பு வருமா என்று மகளிடம் கேளுங்கள். பெரியப்பாவிடம் அல்ல.

சம்பளம் பெரும்பாலும் மென்பொருள் வேலையைவிடக் குறைவு. பல இடங்களில் திட்ட நிதி இருக்கும்வரைதான் ஒப்பந்தம். இதையும் தெரிந்துகொண்டே இறங்கட்டும்.

கல்லூரி பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். 10 செ.மீ. கனசதுரமான கியூப்சாட் என்ற குட்டிச் செயற்கைக்கோள் செய்யும் மாணவர் குழு இருக்கிறதா? போர்டை மாணவர்களே வரைகிறார்களா, ரெடிமேடாக வாங்கி அடுக்குகிறார்களா? மின் சிக்னலைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் இரண்டாம் ஆண்டு மாணவர் கைக்கு வருமா? இவற்றைக் கேளுங்கள்.

சேர்ந்த முதல் வருடமே போர்டு வரையும் கைகேட் (KiCad) மென்பொருளில், சிறு மின்னூட்டத்தை மின்னழுத்தமாக மாற்றும் ஒரு மின்னூட்டப் பெருக்கியை வரைந்து, செய்தும் பார்க்கச் சொல்லுங்கள். மென்பொருள் இலவசம். பின்னூட்டத்தில் 1 பிகோஃபாரட் கெபாசிட்டர், அதற்கு இணையாக 100 மெகாஓம் ரெசிஸ்டர். 1 ஃபெம்டோகூலூம் மின்னூட்டம் வந்தால் 1 மில்லிவோல்ட் கிடைக்கவேண்டும். முதல் தடவை கிடைக்காது. உலோகப் பெட்டிக்குள் வைக்காவிட்டால் வீட்டு மின்சார இரைச்சல்தான் தெரியும். சால்டரிங்கில் ஒட்டிய ஃப்ளக்ஸைத் துடைக்காவிட்டால் அந்த அழுக்கு வழியே மின்னோட்டம் கசிந்து, 100 மெகாஓமுக்கு அர்த்தமே இருக்காது. இந்த இரண்டையும் அவளாகவே தேடிக் கண்டுபிடித்தால், ஆய்வகத்தில் காட்ட அந்த போர்டும் குறிப்பேடும் போதும்.

பணம் கட்டினால் "விண்வெளிப் பயிற்சி" சான்றிதழ் என்று வரும் விளம்பரங்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல சால்டரிங் ஸ்டேஷன் வாங்கிக் கொடுங்கள்.