பிபி இல்லாத அப்பாவுக்கு எதற்கு பிபி மாத்திரை?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. நான்கு மாதம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் பம்பிங் 35 சதவீதம். ராமிப்ரில், மெட்டோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின், நீர் மாத்திரை எல்லாம் சாப்பிடுகிறார். பிபியும் சுகரும் அவருக்குக் கிடையாது. மருந்துக்கடையில் இவை பிபி, சுகர் மாத்திரைகள் என்கிறார்கள். இப்போது மூச்சு வாங்குவதில்லை, பிபி 100/70. சிலவற்றை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். அப்பாவுக்கு மூச்சு வாங்காமல் இருப்பதே அந்த மாத்திரைகளால்தான்.

மாரடைப்பில் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துத் தழும்பாகிவிட்டது, மிச்சத் தசைதான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது, ரத்தம் பத்தவில்லை என்று உடம்பு பதறிப்போய் இதயத்தை விரட்டுகிற ஹார்மோன்களையும் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிற ஹார்மோன்களையும் அள்ளிவிட, நாளாக நாளாக இதயம் விரிந்து இன்னும் தளர்ந்துபோகும். அந்த விரட்டலை மெட்டோப்ரோலால் அடக்குகிறது. மற்றதை ராமிப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் பார்த்துக்கொள்கின்றன. 1992-இல் வந்த 'சேவ்' ஆய்வில், மாரடைப்புக்குப் பின் பம்பிங் குறைந்தவர்களுக்கு ராமிப்ரில் வகையைச் சேர்ந்த கேப்டோப்ரில் கொடுத்தபோது இறப்பு 19 சதவீதம் குறைந்தது. டாபாகிளிஃப்ளோசினும் அப்படித்தான், சுகர் இல்லாதவர்களின் இதயத்துக்கும் உதவுகிறது என்று 2019-லேயே தெரிந்துவிட்டது.

100/70 பற்றிக் கவலை வேண்டாம், தலைசுற்றல் இல்லாதவரை. எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள், நேரத்தைப் பிரித்துக் கொடுப்பார் அல்லது அளவை மாற்றுவார். கால் வீக்கம் இல்லையென்றால் நீர் மாத்திரையை அவர் குறைக்கக்கூடும். வறட்டு இருமல் விடாமல் வந்தால் ராமிப்ரிலுக்கு மாற்று உண்டு.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவதுதான் எனக்குப் பெரிய பயம். என்னிடம் வந்த ஒருவர் நான்கு நாள் போட்டுவிட்டு, செருப்பு வார் பதிந்து குழி விழுந்த காலோடு, ராத்திரி முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டு வந்தார். அப்பாவுக்கு அது வேண்டவே வேண்டாம். சோடியம் குறைந்த உப்பு, தினம் இளநீர் இரண்டையும் தவிருங்கள். இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஏறிவிடும். பொட்டாசியம், கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வாந்தி பேதி வந்தால் அன்றே டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் நீர் கோக்கிறது என்று அர்த்தம், காத்திருக்கக் கூடாது.

அப்புறம், நான்கு மாதம் ஆகிவிட்டதே, எக்கோவை இப்போது திரும்ப எடுங்கள். இன்னமும் 35-க்கு மேல் ஏறவில்லை என்றால், திடீர் துடிப்புக் கோளாறிலிருந்து காக்கும் ஐசிடி கருவி தேவையா என்று இதய நிபுணரிடம் கேளுங்கள்.